ஆண் உண்ணி விட்டுச்சென்ற வெள்ளைப் பை

இந்த ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். கத்தி பிடிப்பதையும் சாயம் ஏற்றுவதையும் குப்பியில் பெயர் ஒட்டுவதையும் யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதற்காக ஓய்வுபெற்ற ஒருத்தி கிள்ளானிலிருந்து ரயிலேறி ஷா ஆலம் வரை வர வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது ஒரு நாளைப் பற்றியும், அந்த நாள் எங்களை இழுத்துக்கொண்டு போன இடங்களைப் பற்றியும்தான். பெருந்தொற்றுக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது.

எனக்கு மேலே இருந்தவரை நாங்கள் டாக்டர் என்றே கூப்பிட்டோம். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடியில் தனியாக இருந்த பெண்மணி. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் எல்லாரும் கணக்கர், நீதிமன்ற எழுத்தர் என்று போக, இவர் மட்டும் உண்ணியைப் பிடித்துக்கொண்டார். நுண்ணோக்கியில் குனிந்து வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதாவது ராகத்தை முனகிக்கொண்டே இருப்பார். முனகல் நின்றால் ஏதோ சரியில்லை என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

உண்ணி என்றதும் உங்கள் மனதில் வருவது பெண் உண்ணிதான். மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் பட்டாணி போல உப்பித் தொங்குமே, அது. ஆண் எள்ளளவுதான். முதுகு முழுவதும் ஒரே கெட்டியான ஓடு. எவ்வளவு குடித்தாலும் உப்ப முடியாது. நான் சேர்ந்த புதிதில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"மாலா, இங்க வந்து பாருங்க. எல்லாரும் பொண்ணத்தான் பாக்குறாங்க. இவன யாருமே பாக்கறதில்ல."

கண் அறுவைக்கு வைத்திருக்கும் சிறிய கத்தியால் ஓட்டின் விளிம்பைச் சுற்றி அறுத்து, மூடியைத் திறப்பதுபோல் தூக்கினார். உள்ளே பாதி இடத்தை அடைத்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று ஒரு கொத்து இருந்தது. மடல் மடலாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, உப்புநீரில் தௌஃபூஃபா என்கிற சோயாப் பால்கட்டி போல மெல்ல நடுங்கியது. அதுதான் துணைச் சுரப்பி. அதன் இரு பக்கமும் நூல்போல இரண்டு குழாய்கள், விந்தகங்கள். இத்தனை சிறிய உடம்புக்குள் இத்தனை பெரிய சுரப்பியா என்று கேட்டேன்.

"பெருசாத்தான் இருக்கணும். இவனுக்கு உள்ள செலுத்தறதுக்குன்னு உறுப்பே கிடையாது. அதனால ஒரு பை செய்றான். அந்தப் பைக்கு வேண்டிய சாமான் முழுக்க இங்கேருந்துதான் வருது."

அன்று அவர் சொன்னதை நான் இப்போதும் வியப்போடுதான் நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் வகை உண்ணியில் ஆண் முதலில் சில நாள் ரத்தம் குடித்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் விதை முதிரும். அப்புறம், குடித்துக்கொண்டிருக்கும் பெண் விடுகிற வாசனையைப் பிடித்துக்கொண்டு, தன் இடத்தைவிட்டுக் கழன்று, முடிக்காட்டுக்குள் நடந்து போவான். அவள் வயிற்றுக்கு அடியில் புகுந்து, வயிறோடு வயிறு சேர்த்துக் கால்களால் பிடித்துக்கொள்வான். அவளுடைய துவாரத்தைத் தன் வாயுறுப்பால் துழாவிப் பார்ப்பான். பிறகு அவன் உடம்பிலிருந்து அந்தச் சுரப்பு ஒரு குமிழியாக வெளிவரும், விதையை உள்ளே வைத்து. அதை வாயாலேயே கவ்வி எடுத்து அவள் துவாரத்தில் பொருத்துவான். குமிழி உள்புறமாகத் திரும்பிக்கொண்டு உள்ளே போகும். கடைசியில் பெண்ணுக்குள் பால் நிறத்தில் ஒரு பை தங்கும். ஆண் வந்துபோனதற்கு அதுதான் அடையாளம்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எங்கள் கதைக்கு முக்கியம். அதுவரை சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டிருந்த பெண், பை உள்ளே போனபின் வயிறு முட்டக் குடிக்கிறாள். ஆண் வராவிட்டால் அப்படிக் குடிப்பதில்லை. மாட்டின் மேல் வாரக்கணக்கில் சிறிய உருவத்திலேயே கவ்விக்கொண்டு காத்திருப்பாள்.

"பைல விதை மட்டும் போகல மாலா. இனி குடிக்கலாம்னு ஒரு தகவலும் போகுது" என்றார் டாக்டர். "அந்தத் தகவல நடுவுல பிடிச்சிட்டோம்னா?"

அவர் ஆசை அதுதான். ஆணின் சுரப்பில் உள்ள அந்தப் பொருளைக் கண்டுபிடித்து, அதற்கு எதிரான சக்தியைத் தடுப்பூசியால் மாட்டின் ரத்தத்தில் உண்டாக்கிவிட்டால், உண்ணி குடிக்கும் ரத்தத்தோடு அதுவும் உள்ளே போய்த் தகவலை அமுக்கிவிடும். பெண் உப்பாது, முட்டையிடாது. வெளிநாட்டில் வேறொரு வகை உண்ணியில் இப்படி முயன்றிருந்தார்கள். நம் ஊர் மாட்டு உண்ணியில் யாரும் தொட்டுப் பார்த்ததாக எங்களுக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு உண்ணி கொடுத்தவர் செமினியில் மாடு வளர்க்கும் முனியாண்டி அண்ணன். பழைய தோட்டத்து ஓரத்தில் கொட்டகை, ஒரு பக்கம் புதிய வீடமைப்புப் பகுதியின் சுவர். பால் கறந்து காஜாங், பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுவார். அந்த வருஷம் உண்ணிக் காய்ச்சலில் அவருடைய இரண்டு பசுக்கள் ஈறு வெளுத்து, படுத்த இடத்திலேயே செத்துப்போயின. நாங்கள் உண்ணி பொறுக்கப் போகும்போதெல்லாம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"ஊசி எப்ப டாக்டர் வரும்?"

"முயற்சி பண்றோம்ண்ணே" என்பார் டாக்டர். அவர் அதற்குமேல் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் மாடு செத்தவன் காதில் 'முயற்சி' என்பது 'வரும்' என்றுதான் விழும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் விலங்கைவிட்டு இறங்கித் தோலுரிக்கும். ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் தோலுரிக்கவிட்டால், ஆணைக் காணாத பெண்களைச் சேர்த்துவிடலாம். ஆட்டின் முதுகில் முடியை மழித்துத் துணிக்கூடு ஒட்டி, அதற்குள் உண்ணிகளை விட்டோம். ஒரு கூட்டில் ஆணும் பெண்ணும். இன்னொரு கூட்டில், ஆணின் சுரப்பியையும் விந்தகத்தையும் அரைத்து எடுத்த சாற்றை ஊசியால் ஏற்றிய கன்னிப் பெண்கள். மூன்றாவதில் வெறும் உப்புநீர் ஏற்றிய கன்னிப் பெண்கள். ஆடுகளைப் பார்த்துக்கொண்டவர் ஃபரிடா. காப்பாரில் வீடு. சத்தமாகச் சிரிப்பார், ஆடுகளோடு சண்டை போடுவார். எங்கள் திட்டத்துக்கென்று ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர், திட்டம் இருந்தால்தான் அவருக்கு வேலை.

முடிவு வந்தபோது நாங்கள் குதித்தோம். உப்புநீர்ப் பெண்கள் அப்படியே சிறியதாகக் கிடந்தன. சாறு ஏற்றியவை ஒன்றுவிடாமல் பட்டாணியாக உப்பியிருந்தன. இயக்குநர் செய்தி கேட்டுக் கீழே இறங்கி வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். அரசு கொடுத்த பட்டத்தை வைத்து அவரை எல்லாரும் டத்தோ என்போம். மனிதர் கெட்டவர் இல்லை. அந்த ஆய்வகத்தை மூடவிடாமல் பல வருஷம் பல கதவுகளைத் தட்டியவர். உடனே புத்ராஜெயாவில் உள்ள அமைச்சகத்திலிருந்து ஒரு குழுவை வரவழைத்தார். வந்து பார்த்துவிட்டு, திட்டத்தைப் பெரிதாக எடுத்து நடத்தலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

டாக்டர் மட்டும் அன்று குதிக்கவில்லை. "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பரீட்சையில் எல்லாப் பிள்ளையும் முழு மதிப்பெண் வாங்கினால் ஆசிரியர் சொல்வாரே, அந்தக் குரலில்.

குழு வருகிற காலை. கறிபாப் பலகாரமும் தேநீரும் வந்தாயிற்று. உப்பிய உண்ணிகளைக் கண்ணாடித் தட்டில் அழகாக அடுக்கி வைத்திருந்தோம். டாக்டர் நுண்ணோக்கியில் உட்கார்ந்து, "ஒண்ணத் தொறந்து வைக்கலாம் மாலா. முட்டை எப்படி வளந்திருக்குன்னு அவங்க பாக்கட்டும்" என்றார். சாறு ஏற்றிய பெண் ஒன்றை எடுத்து அறுத்தார். முனகிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துக் கண்வில்லையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனகல் நின்றது.

ஆணின் விதை வந்து சேரும் இடத்தில், பால் நிறத்தில், உருண்டையாக, ஒரு பை. எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. சாற்றை ஏற்றினால் பெண் உப்பலாம். ஆனால் எந்தச் சாறும் உள்ளே போய்ப் பை கட்டாது. அதைக் கட்டுவதற்கு ஒரு உயிருள்ள ஆண் வேண்டும்.

"உப்புத்தண்ணி போட்டதுல ஒண்ணு குடுங்க" என்றார். அறுத்தார். உள்ளே ஒன்றுமில்லை. "ஆணோட இருந்ததுல ஒண்ணு." பை இருந்தது. "சாறு போட்டதுல இன்னொண்ணு." பை இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

அவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தார். "கொட்டகைக்குப் போலாம்."

ஃபரிடா ஆட்டைப் பிடித்துக்கொண்டு, சாறு ஏற்றிய கூட்டின் மூடியைத் திறந்தார். இன்னும் கவ்விக்கொண்டிருந்த உப்பிய பெண்கள் சில இருந்தன. நாங்கள் தினமும் மேலிருந்து பார்த்து உப்பலை அளந்ததெல்லாம் இந்தப் பெண்களைத்தான். டாக்டர் சொன்னபடி ஃபரிடா இடுக்கியால் ஒன்றை மெல்லச் சாய்த்தார். அடியில், வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, கறுப்பாக எள்ளைப்போல ஒன்று.

"ஜந்தான், டாக்! ஜந்தான்!" என்று கத்தினார் ஃபரிடா. மலாயில் ஆண் என்று பொருள்.

ஆணும் பெண்ணும் இருந்த கூடும் இந்தக் கூடும் ஒரே ஆட்டின் முதுகில், அக்கம்பக்கத்தில் இருந்தன. உப்புநீர்க் கூடு வேறு ஆட்டில். ஆடு எங்கேயோ கம்பத்தில் முதுகைத் தேய்த்திருக்கிறது. பசை விட்டு, துணியின் ஓரம் ஓர் அரிசி நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது. அவன் வாசனை பிடித்து அந்த வழியாக வந்து, ஒவ்வொரு பெண்ணாகப் போய்த் தன் வேலையை முடித்திருக்கிறான்.

ஃபரிடாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பசை ஒட்டியது அவர். வாயைத் திறப்பதற்குள் டாக்டர் சொன்னார்.

"ஒட்டினது யாருன்னு யாரும் பேச வேணாம். ரெண்டு கூட்டையும் ஒரே ஆட்டுல வைக்கச் சொன்னது நான்."

அதற்குள் டத்தோ வந்துவிட்டார். குழுவின் கார்கள் நெடுஞ்சாலையைவிட்டு இறங்கிவிட்டன என்று சொல்ல வந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்து நின்றார். டாக்டர் நடந்ததைச் சொன்னார். டத்தோ குனிந்து அந்தக் கூட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் உங்களப் பொய் சொல்லச் சொல்லல டாக்டர். இன்னிக்கு அந்தப் பையப் பத்திப் பேச வேணாம். உண்ணிய காட்டுங்க, ஆட்டக் காட்டுங்க. அப்புறம் மறுபடி செஞ்சு பாருங்க. வேற மாதிரி வந்தா அப்போ சொல்லிக்கலாம் லா. இன்னிக்கு இவங்க கைய விரிச்சிட்டா மறுபடி செய்யறதுக்கே வழி இருக்காது. யோசிங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் கஷ்டம். இந்த மாதிரி இடத்தில் உங்கள் முன் வந்து நிற்பவர் வில்லனாக இருக்க மாட்டார். உங்கள் நன்மைக்காகப் பேசுகிறவராகத்தான் இருப்பார்.

டாக்டர் திரும்பி ஃபரிடாவைப் பார்த்தார். திட்டம் போனால் யார் வேலை முதலில் போகும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஃபரிடா ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர், அப்போது காலில் அடிபட்டு வீட்டில் இருந்தார்.

"ஜாங்கான் தெங்கோ சாயா, டாக்" என்றார் ஃபரிடா. என்னைப் பார்க்காதீர்கள் என்று அர்த்தம். பிறகு எங்கள் தமிழிலேயே, எங்களோடு பழகிப் பேசக் கற்ற தமிழில் சொன்னார்: "உண்மை சொல்லுங்க. நானே பாத்தாச்சு. இனி பாக்கலன்னு எப்படி சொல்றது?"

அறையில் குழுவினர் உட்கார்ந்தார்கள். டாக்டர் நுண்ணோக்கியின் காட்சியைச் சுவரில் விழவைத்தார். முதலில் ஓர் ஆணை எல்லார் முன்னாலும் திறந்தார். அந்த வெள்ளைக் கொத்து சுவர் முழுவதும் விரிந்தபோது முன்வரிசையில் ஒருவர் தன்னையறியாமல் "வாவ்" என்றார். அவன் எப்படிக் குடிக்கிறான், எப்படி வாசனை பிடிக்கிறான், எப்படிப் பை கட்டுகிறான், வாயால் எப்படிக் கொண்டுபோய் வைக்கிறான் என்று டாக்டர் சொல்லச் சொல்ல அறை ஆடாமல் அசையாமல் கேட்டது. தன் திட்டத்தைத் தானே கவிழ்க்கப் போகிற மனுஷி, அந்தப் பூச்சியின் வேலையை இத்தனை ஆசையாக எப்படி விவரிக்கிறார் என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாறு ஏற்றிய பெண்ணைத் திறந்தார். பால் நிறப் பை சுவரில் நிலவளவு நின்றது.

"இந்தப் பெண்ண நாங்க கன்னின்னு நெனச்சோம். இந்தப் பை அப்படி இல்லன்னு சொல்லுது. அதனால நீங்க தட்டுல பாக்கறது எங்க கண்டுபிடிப்பு இல்ல. ஒரு ஆண் கூட்டுக்குள்ள பூந்துட்டான். இது அவன் செஞ்ச வேலை."

ஆங்கிலத்தில்தான் சொன்னார், எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது. குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வயதான அம்மா ஒருவர், அதிகம் பேசாதவர். "அப்படியானால் உங்களிடம் இப்போது என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"ஒரு நல்ல கேள்வி இருக்கு. பதில் இன்னும் இல்ல."

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்காமல் போனார்கள். டத்தோ தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கறிபாப்பை நாங்கள் சாப்பிட்டோம், ஃபரிடாதான் முதலில் எடுத்தார்.

எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. டாக்டர் கார் சாவியை எடுத்தார். "மாலா, செமினி வரைக்கும் வரீங்களா? முனியாண்டி அண்ணன் இத வேற யார் வாயாலயும் கேக்கக் கூடாது."

காஜாங் தாண்டி லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனோம். கொட்டகைக்கு முன்னால் காரை நிறுத்தியதும் முனியாண்டி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு சிரிப்போடு வந்தார்.

"வாங்க டாக்டர், வாங்கக்கா. ஊசி வந்திருச்சா?"

டாக்டர் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். சுற்றிவளைக்கவில்லை. ஊசி இல்லை, இப்போதைக்கு வரவும் வராது என்றார். அண்ணன் முகத்தில் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"போன மாசம் மாட்ட வெலைக்குக் கேட்டு ஆளு வந்தாங்க டாக்டர். நல்ல ஆளு. டாக்டரம்மா ஊசி போடப் போறாங்க, குடுக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டேன். இப்ப வந்து இல்லங்கறீங்க. அப்ப நான் என்ன பண்றது?"

"தெரியலண்ணே."

"படிச்சவங்க நீங்களே தெரியலன்னா?"

"தெரியாதத தெரியும்னு சொல்ல என்னால முடியாது. இந்தக் கோவம் நியாயமானது. என்மேல காட்டுங்க."

அவர் கோபத்தைக் காட்டவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு மாட்டிடம் போய்விட்டார். கிளம்பிவிடலாம் என்று நான் காரைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் அவர் பின்னாலேயே போனார். அண்ணன் ஒரு பசுவின் காதை மடித்து, கொழுத்த உண்ணிகளாகப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீர் டின்னில் போட ஆரம்பித்தார். டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று அவர் கையைப் பிடித்தார்.

"இத ஏன் விட்டுட்டீங்க?"

காது மடிப்பில் கறுப்பாக, எள்ளெள்ளாகச் சில ஒட்டியிருந்தன.

"அது குஞ்சு டாக்டர். அது ரத்தம் குடிக்காது, சும்மா கெடக்கும். பெருசத்தான எடுக்கணும்?"

"குஞ்சு இல்லண்ணே. அதுதான் ஆம்பள." அவர் குரல் மாறிவிட்டது. "பெருச நீங்க எடுக்காட்டாலும் அது குடிச்சிட்டுத் தானா கீழ விழுந்துரும். இவன் விழ மாட்டான். மாட்டு மேலயே கெடந்து, அடுத்து ஏறுற ஒவ்வொரு பொண்ணையும் தேடிப் போவான். இவன் போகலன்னா அவளுக்கு வயிறு முட்டக் குடிக்கத் தெரியாது. இத்தன நாளா அவன விட்டுட்டு அவள எடுத்திருக்கோம். ஆட்டு மேல நாங்களும் அவளத்தான் பாத்தோம், அவனப் பாக்கல."

அண்ணன் நிமிர்ந்தார். "அப்ப சின்னத எடுத்தா கொறையுமா?"

"கொறையலாம். கண்டிப்பா கொறையும்னு சொல்ல மாட்டேன். மேய்ச்சல்ல வேற மாட்டு மேலேருந்தும் வரும். ஆனா நான் வாரா வாரம் வரேன். சேர்ந்து எடுத்துப் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் போனார். இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அதற்குத் திட்டம் கிடையாது, அறிக்கை கிடையாது, டத்தோவுக்குத் தெரியவும் தெரியாது. சில வாரம் நானும் போனேன். மாட்டின் காது மடிப்பு, தாடைக்குக் கீழே, வாலடி, மடிக்கும் தொடைக்கும் நடுவே என்று விரலால் துழாவி எள்ளைத் தேடுவது முதுகு ஒடிகிற வேலை. ஆரம்பத்தில் அண்ணன் டாக்டரிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மாட்டைக் கட்டிவிட்டுத் தள்ளி நிற்பார். டாக்டர் அதைப் பொருட்படுத்தாமல் தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு மழையில் அவர் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு அண்ணன் குடையோடு ஓடிவந்தார். அன்றிலிருந்து பேச்சு திரும்பியது.

இதற்கிடையே எங்கள் திட்டம் நிறுத்தப்பட்டது. ஃபரிடாவின் ஒப்பந்தமும் முடிந்தது. டாக்டர் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசி, பண்டமாரானில் ஒரு நாய், பூனை மருத்துவமனையில் அவருக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். நல்ல இடம்தான். ஆனாலும் ஒப்பந்தம் முடிந்த நாளில் ஃபரிடா மேசையைக் காலி செய்துவிட்டுப் போனபோது, உண்மை சொல்வதன் செலவை எப்போதும் சொன்னவரே கொடுப்பதில்லை என்று எனக்குப் புரிந்தது. டாக்டருக்கும் புரிந்திருந்தது. அதனால்தான் அவர் அந்தத் தொலைபேசியை அவ்வளவு நாள் கீழே வைக்கவில்லை.

மிச்சமிருந்த சாமான்களை வைத்துச் சோதனையை மறுபடி செய்தோம். இந்த முறை ஆண்கள் தனி ஆட்டில், தனிக் கொட்டகையில். ஃபரிடா மருத்துவமனை வேலை முடித்து வந்து ஆடுகளைப் பார்த்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே வந்தார். சாறு ஏற்றிய பெண்களில் சில உப்பின, சில பாதியில் நின்றன, சில அசையவே இல்லை. எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம். ஒன்றிலும் வெள்ளைப் பை இல்லை. அந்த அரைகுறை முடிவைப் பார்த்து டாக்டர் முகத்தில் வந்த மலர்ச்சியை, முதல் முடிவு வந்த நாளில் நான் பார்த்திருக்கவில்லை. "கொஞ்சந்தான்" என்றார். "ஆனா இது நம்மளோடது." இன்றைக்கு நீங்கள் தொடர்ந்து செய்யும் வேலை அந்தக் கொஞ்சத்திலிருந்துதான் முளைத்தது. டத்தோ ஓய்வுபெறும் முன் கடைசியாகக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த திட்டமும் அதுதான். குழுவில் அன்று கேள்வி கேட்ட அந்த அம்மாவே, இந்த ஆய்வகம் கொடுக்கும் கணக்கை நம்பலாம் என்று பேசினாராம்.

தடுப்பூசி இன்னும் வரவில்லை. வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் டாக்டரோடு கடைசியாகச் செமினிக்குப் போனது ஒரு ஞாயிறு காலை. முனியாண்டி அண்ணனின் மாடுகளில் உண்ணி ஒழிந்துவிடவில்லை. ஆனால் முன்பு ஒரு காதில் பிடுங்கிய அளவு இப்போது ஒரு மாடு முழுக்கத் தேடினாலும் கிடைப்பதில்லை. அந்த வருஷம் ஒரு கன்றும் சாகவில்லை. அவர் எங்களைக் கண்டதும் உள்ளங்கையை மூடிக்கொண்டு வந்தார்.

"இவன்தான டாக்டர்? கண்ணாடி போடாமலே கண்டுபிடிச்சிட்டேன்."

கையை விரித்தார். காய்ப்பேறிய உள்ளங்கையின் நடுவில் ஓர் ஆண் உண்ணி கால்களை அசைத்துக்கொண்டு நடந்தது. டாக்டர் அதைத் தன் விரல் நுனிக்கு ஏற்றிக்கொண்டார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஓட்டின் மேல் ஊசி குத்தியதுபோன்ற புள்ளிகள் பளபளத்தன.

"எவ்வளவு பெரிய வேலைக்காரன்" என்றார். "இந்த ஒடம்புக்குள்ள எவ்வளவு வெச்சிருக்கான் பாருங்க."

"அழகா இருக்கான்னு சொல்றீங்களா டாக்டர்?" என்று அண்ணன் சிரித்தார். "என் மாட்டக் கொன்னவன்."

"ஆமாண்ணே. அழகாத்தான் இருக்கான்."

இன்னும் கொஞ்ச நேரம் அவன் விரல் நுனியில் ஊர்வதைப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே அவனைச் சோப்புத் தண்ணீர் டின்னுக்குள் தட்டிவிட்டு, மூடியை இறுக்கிச் சாத்தினார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அடுத்த மாட்ட அவுத்துட்டு வாங்கண்ணே."